சுவர்க்கடிகாரம், தோட்டவிளக்கு, சோப்பு டப்பா: மலிவுக்கடைப் பொருள்களை மின்னணு வேலைக்குப் பயன்படுத்தும் முறை

‘எதை எடுத்தாலும்’ என்று தொடங்கி ஒரே விலையைப் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கும் கடைகளைத் தமிழ்நாட்டில் பேருந்து நிலையத்தை ஒட்டியும் திருவிழாத் திடலிலும் பார்க்கலாம். வீட்டுச் சாமான் வாங்கப் போகிறவர் கண்ணில் அங்கே வாளியும் சீப்பும் பொம்மைக் காரும் படும். மின்னணு வேலையைப் பொழுதுபோக்காகச் செய்பவர் அதே அடுக்குகளில் பல்சக்கரத் தொகுதியையும், மோட்டாரையும், காயிலையும் (கம்பிச்சுருள்), சூரியத் தகட்டையும், செய்து முடித்த சர்க்யூட்டை அடைத்து வைக்க ஏற்ற பெட்டியையும் காண்பார்.

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எதை வேண்டுமானாலும் வாங்கிப் பிரிப்பதில் பயனில்லை. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் எல்.இ.டி., ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் முதலியவை உதிரியாகவே மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, அவற்றுக்காக ஒரு விளக்கை உடைப்பது வீண் வேலை. உதிரியாக வாங்கினால் விலை கூடுவதும், சிற்றூர்களில் தேடினாலும் கிடைக்காமல் போவதும் எந்திர வேலைப்பாடு உள்ள உறுப்புகள்தாம். அச்சில் வார்த்த பல்சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் சட்டகம், ஸ்பிரிங் வைத்த பேட்டரிப் பெட்டி, வெயில் மழை தாங்கும் உறை ஆகியவற்றை வீட்டில் செய்ய முடியாது. மலிவுக்கடையிலோ அவை முழுப் பொருளின் விலைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே ஒரு பொருளைக் கையில் எடுத்தவுடன், அதற்குள் இருக்கும் சர்க்யூட்டைவிட அதைச் சுற்றியுள்ள எந்திர வேலைப்பாட்டையே முதலில் மதிப்பிட வேண்டும்.

வாங்கும் முன்

பொருளைத் திருப்பிப் பேட்டரி அறையைப் பார்ப்பது முதல் வேலை. அறையில் எத்தனை பேட்டரிகள் தொடராக அமர்கின்றன என்று எண்ணி 1.5 ஆல் பெருக்கினால் அந்தப் பொருள் எத்தனை வோல்ட்டில் இயங்குகிறது என்பது தெரிந்துவிடும். பேட்டரி அறையே இல்லாமல் யு.எஸ்.பி. வயர் மட்டும் இருந்தால் அது 5 வோல்ட். இவ்வளவு குறைந்த வோல்ட்டில் இயங்குபவற்றைத் தொடக்கநிலையாளரும் அச்சமின்றித் திறக்கலாம். இரண்டு பென்சில் பேட்டரிகளையும் ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவரையும் சட்டைப்பையில் கொண்டுபோனால், பொருள் இயங்குகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். இத்தகைய கடைகளில் விற்ற பொருளைத் திரும்பப் பெறுவது அரிது என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் நேரடியாகச் செருகும் எதையும் இந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளவே கூடாது. பின்புறம் இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டு சுவர்ப் பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றும் மலிவான டார்ச் விளக்கை எடுத்துக்கொள்வோம். அதனுள் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதில்லை. ஒரு கெப்பாசிட்டரே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. பேட்டரி முனை, எல்.இ.டி. பலகை, சுவிட்ச் ஆகிய அனைத்தும் சார்ஜ் ஏறும் நேரத்தில் வீட்டு மின்கம்பியோடு நேர்த்தொடர்பில் இருப்பதால், பிளாஸ்டிக் உடல் மூடியிருக்கும் வரையில்தான் அது பாதுகாப்பானது. பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். கொசு அடிக்கும் பேட்டின் கதையும் இதுதான்: சில வோல்ட் பேட்டரியில் ஓடினாலும், அதன் வலைக்குப் போகும் மின்னழுத்தம் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும். ஆகவே பேட்டரி வோல்ட்டைப் பார்த்து முடிவெடுக்கும் முறைக்குக் கொசு பேட் ஒரு விலக்கு. பெயர் தெரியாத மொபைல் சார்ஜர்களையும் இரவு விளக்குகளையும் பிரிப்பதோடு, அவற்றை நம் சர்க்யூட்டுக்கு மின்வழங்கியாக வைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

கருவிகளாக ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும், 25 வாட் சால்டரிங் அயர்னும், நுனி மெலிந்த கட்டரும் போதும். சால்டர் செய்யும்போது மேசை கருகாமல் இருக்க அடியில் ஒரு தரை டைல்ஸ் துண்டைப் போட்டுக்கொள்ளலாம். சால்டர் நன்றாக ஒட்டப் பயன்படும் ஃபிளக்ஸின் கறையைத் துடைக்கப் பழைய பல்துலக்கியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் உதவும்.

சுவர்க்கடிகாரம்

மலிவுக்கடைப் பொருள்களில் கொடுத்த காசுக்கு மிகுதியான பயன் தருவது, ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் சுவர்க்கடிகாரம் என்பது என் கருத்து. அதில் படிப்படியாக நகரும் ஒரு நுண்ணிய ஸ்டெப்பர் மோட்டாரும், மூன்று முள்களை ஓட்டும் பல்சக்கரத் தொகுதியும், நாளுக்குச் சில நொடிக்கு மேல் பிசகாத ஒரு காலக் கணக்கியும் உள்ளன. வாங்கும்போது நொடிக்கொரு முறை ‘டிக்’ என்று ஒலித்து நொடிமுள் துள்ளித் துள்ளி நகரும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஓசையின்றி வழுக்கிக்கொண்டு போகும் முள் உள்ள கடிகாரத்தின் மோட்டார் வேறு வகை. கீழே சொல்லும் முறை அதற்குப் பொருந்தாது.

முதலில் அது இயங்கும் விதத்தைப் புரிந்துகொள்வது நல்லது. உள்ளே ஓர் அரிசி மணியைவிடச் சற்றே நீண்ட உலோகக் குழாய்க்குள் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் இரண்டின் 15ஆம் அடுக்கு என்பதால், அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒன்று என்ற கணக்குத் துல்லியமாகக் கிடைக்கிறது. கறுப்புப் பசைப் பொட்டுக்குள் மறைந்திருக்கும் சிப் அந்த வேலையைச் செய்து, நொடிக்கு ஒரு முறை காயிலுக்குச் சிறு மின்துடிப்பை அனுப்புகிறது. ஒரு நொடியில் மின்னோட்டம் காயிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாய்ந்தால், அடுத்த நொடியில் எதிர்த்திசையில் பாயும். ஒவ்வொரு துடிப்புக்கும் சுழலியாகிய சிறு காந்தம் அரைச்சுற்றுச் சுற்றும். ஒரே திசையில் இரண்டு துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பினால் இரண்டாவதற்குச் சுழலி அசையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதன்முறை செய்பவர்களின் கடிகாரம் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கண்ணாடியைக் கழற்றிய பின் நொடிமுள், நிமிடமுள், மணிமுள் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக நேராக மேல்நோக்கி இழுத்து எடுக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் நடுத்தண்டு வளைந்துவிடும். பிறகு முகப்பில் உள்ள அறுகோண நட்டையோ பிளாஸ்டிக் கொக்கியையோ விடுவித்தால், பின்புறத்திலிருந்து கறுப்பு நிறச் சதுரப் பெட்டி தனியே வந்துவிடும். அதன் பக்கங்களில் உள்ள கொக்கிகளை நகத்தால் தள்ளி மூடியைத் திறக்கலாம். திறந்த உடனே, எதையும் தொடுவதற்கு முன், பல்சக்கரங்கள் அமர்ந்திருக்கும் வரிசையைக் கைப்பேசியில் இரண்டு கோணங்களில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சுழலிக் காந்தம் அருகிலுள்ள இரும்புத் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வெளியே தாவும் இயல்புடையது என்பதால், அதை இடுக்கியால் எடுத்து ஒரு கிண்ணத்தில் தனியே வைப்பது நல்லது.

இப்போது சர்க்யூட் பலகை தெரியும். காயிலின் இரண்டு கம்பிகளும் பலகையில் உள்ள இரண்டு சால்டர் பொட்டுகளில் வந்து முடியும். அப்பொட்டுகளிலிருந்து செப்புத்தடங்கள் கறுப்புப் பசைக்குள் செல்லும். கூர்மையான கத்தியால் அவ்விரு தடங்களையும், பொட்டுக்கும் பசைக்கும் நடுவில், முழுமையாக வெட்ட வேண்டும். வெட்டியதை மல்டிமீட்டரால் சரிபார்த்த பிறகு, காயில் பொட்டுகள் இரண்டிலும் மெல்லிய வளையும் வயர்களைச் சால்டர் செய்ய வேண்டும். காயில் கம்பி தலைமயிரைவிட மெல்லியது. அதைத் தொட்டால் அறுந்துவிடும் என்பதால், அயர்னைப் பொட்டின் வெளிவிளிம்பில் மட்டும் வைத்து உடனே எடுத்துவிட வேண்டும். மூன்றாவதாக, வெட்டப்பட்ட தடங்களில் ஏதாவது ஒன்றின் சிப் பக்கத்து முனையில் பச்சைப் பூச்சைச் சுரண்டி, அங்கே ஒரு வயரைச் சால்டர் செய்துகொள்ள வேண்டும். இந்த மூன்றாவது வயரின் பயன் பின்னால் வரும். வயர்கள் வெளியேறப் பெட்டியின் ஓரத்தில் சிறு பள்ளம் வெட்டி, படத்தைப் பார்த்துப் பல்சக்கரங்களைப் பழையபடி அடுக்கி மூடியை அழுத்திவிடலாம்.

காயிலின் தடையை மல்டிமீட்டரில் அளந்தால் பொதுவாகச் சில நூறு ஓம் காட்டும். அது 200 ஓம் என்று வைத்துக்கொண்டால், 1.5 வோல்ட்டில் அதன் வழியே 7.5 மில்லி ஆம்பியர் பாயும். மோட்டார் அந்த அளவுக்கே வடிவமைக்கப்பட்டது. நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையாகிய 5 வோல்ட் ஆர்டுயினோவிலிருந்து அதே மின்னோட்டம் கிடைக்க வேண்டுமானால் மொத்தத் தடை ஏறத்தாழ 670 ஓம் ஆக வேண்டும்; ஆகவே காயிலோடு தொடராக 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 3.3 வோல்ட் பலகையாக இருந்தால் 220 அல்லது 240 ஓம் சரியாக இருக்கும். ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாக இணைத்தால் ஆர்டுயினோ முனைக்குப் பரிந்துரைக்கப்படும் 20 மில்லி ஆம்பியரை மீறுவதோடு, துடிப்பின் வேகத்தில் சுழலி அரைச்சுற்றைத் தாண்டித் தடுமாறவும் கூடும். காயிலின் இரு முனைகளிலிருந்தும் நேர்மின் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் (பொது எதிர்முனை), ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் 1என்4148 டையோடுகளை எதிர்ச்சாய்வில் (வழக்கமாக மின்னோட்டம் பாயாத திசையில்) வைத்தால், துடிப்பு நிற்கும்போது எழும் மின்னழுத்த எகிறலிலிருந்து பலகைக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும்.

ஆர்டுயினோவின் இரண்டு டிஜிட்டல் முனைகளில் காயிலை இணைத்த பின் எழுத வேண்டிய நிரல் மிக எளிது. முதல் முனையை உயர்த்தி (மின்னழுத்தம் கொடுத்து), இரண்டாவதைத் தாழ்வில் வைத்து, 40 மில்லிநொடி காத்திருந்து, இரண்டையும் தாழ்த்த வேண்டும். அடுத்த துடிப்பில் இரண்டாவதை உயர்த்தி முதலாவதைத் தாழ்வில் வைக்க வேண்டும். துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் இரண்டு முனைகளும் தாழ்வில் இருப்பதால் காயில் குறுக்கிணைப்பில் நின்று, சுழலியின் ஆட்டத்தை அடக்கும். முள் அசையாவிட்டாலோ தடுமாறினாலோ துடிப்பு நீளத்தை 30க்கும் 60க்கும் இடையில் மாற்றிப் பார்த்தால் சரியான இடம் கிடைத்துவிடும். இனி முள் எப்போது நகர வேண்டும் என்பதை நிரல் தீர்மானிக்கும்.

ஓதம் காட்டும் கடிகாரம்

இந்த மோட்டாரைக் கொண்டு செய்யத்தக்கவற்றுள் கடற்கரை ஊர்க்காரர்களுக்குப் பிடித்துப்போகக்கூடியது ஓதத்தை, அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஓதக் கடிகாரம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் நாளுக்கு இரண்டு முறை கடல்மட்டம் உயர்ந்து தாழ்கிறது. நிலவின் ஈர்ப்பே முதன்மைக் காரணம் என்பதால், ஓர் உயர் ஓதத்திலிருந்து அடுத்த உயர் ஓதம் வரை சராசரியாக 12 மணி 25 நிமிடம் ஆகும். சாதாரணக் கடிகாரத்தின் மணிமுள் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் 12 மணி நேரத்தைச் சற்றே நீட்டி, அதே முள்ளை 12 மணி 25 நிமிடத்தில் ஒரு சுற்று வரச் செய்தால், எண் 12 உயர் ஓதத்தையும் எண் 6 தாழ் ஓதத்தையும் காட்டும் முகப்பு கிடைக்கும். நிமிடமுள்ளும் நொடிமுள்ளும் தேவையில்லை.

கணக்கு இப்படி வருகிறது. மணிமுள் ஒரு சுற்றுக்கு 43,200 துடிப்புகள் தேவை. ஓதச் சுற்றின் துல்லியமான நீளமாகிய 12 மணி 25 நிமிடம் 14 நொடியை, இரண்டொரு நொடி விட்டுக்கொடுத்து, 44,712 நொடி என்று எடுத்துக்கொண்டால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சரியாக 1.035 நொடி ஆகிறது. வேறு வகையில் சொன்னால் 207 நொடிக்கு 200 துடிப்புகள்.

இந்த 1.035 நொடியை ஆர்டுயினோவே எண்ணட்டும் என்று விட்டுவிடலாம் எனத் தோன்றும். ஆனால் பரவலாகக் கிடைக்கும் ஊனோ என்ற ஆர்டுயினோ பலகையில் நேரக் கணக்குக்குப் பொறுப்பாக இருப்பது குவார்ட்ஸ் படிகம் அல்ல, செராமிக் ரெசனேட்டர். அதன் பிழை அரை சதவீதம் வரை போகலாம். அரை சதவீதம் என்றால் நாளுக்கு ஏழு நிமிடம். இரண்டு வாரத்தில் கடிகாரம் கடலோடு தொடர்பே இல்லாமல் போய்விடும். இங்கேதான் முன்னர் எடுத்து வைத்த மூன்றாவது வயர் பயன்படுகிறது. தடத்தை வெட்டிவிட்டபோதிலும் கடிகாரச் சிப் உயிரோடுதான் இருக்கிறது. பென்சில் பேட்டரியை அதன் இடத்தில் போட்டால், அந்த வயரில் இரண்டு நொடிக்கு ஒரு துடிப்பு குவார்ட்ஸின் துல்லியத்தோடு வந்துகொண்டே இருக்கும். இரண்டு நொடி என்பதற்குக் காரணம், சிப்பின் இரண்டு வெளியீடுகளும் மாறி மாறித் துடிப்பதும் நாம் ஒன்றை மட்டும் எடுத்திருப்பதும்தான்.

1.5 வோல்ட் துடிப்பை 5 வோல்ட் ஆர்டுயினோ நேரடியாக உணராது. இடையில் ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டரை வைக்க வேண்டும். பேஸ், எமிட்டர், கலெக்டர் என்பன அதன் மூன்று கால்கள். மூன்றாவது வயரை 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அதன் பேஸுக்கும், எமிட்டரைக் கிரவுண்டுக்கும், கலெக்டரை ஆர்டுயினோவின் இரண்டாம் எண் முனைக்கும் இணைத்து, அந்த முனையின் உள் புல்-அப்பை (முனையை உயர்வில் நிறுத்தும் உள் ரெசிஸ்டர்) நிரலில் இயக்கிவிட வேண்டும். கடிகாரப் பேட்டரியின் எதிர்முனையும் ஆர்டுயினோவின் கிரவுண்டும் ஒரு வயரால் இணைந்திருப்பது கட்டாயம். சில சிப்களின் வெளியீடு ஓய்வில் உயர்ந்தும் சிலவற்றில் தாழ்ந்தும் இருக்கும். நிரல் எழுச்சி விளிம்பை (தாழ்விலிருந்து உயரும் கணம்) மட்டும் அல்லது வீழ்ச்சி விளிம்பை (உயர்விலிருந்து தாழும் கணம்) மட்டும் எண்ணினால் இந்த வேறுபாடு தொந்தரவு செய்யாது.

நிரலில் ஒரு கணக்கு மாறியை வைத்துக்கொள்ள வேண்டும். கடிகாரச் சிப்பிலிருந்து ஒவ்வொரு துடிப்பு வரும்போதும் அதில் 400ஐக் கூட்ட வேண்டும்; மாறி 207க்குக் குறையாமல் இருக்கும் வரையில் 207ஐக் கழித்து, முள்ளுக்கு ஒரு துடிப்பு அனுப்ப வேண்டும். பெரும்பாலான முறை இரண்டு துடிப்புகள் என்றும், இடையிடையே ஒன்று மட்டுமே என்றும் வரும். இரண்டு வரும்போது நடுவில் ஒரு நொடி இடைவெளி விட்டால் போதும். தசமப் புள்ளியே இல்லாத கணக்கு என்பதால் நாள்கணக்கில் ஓடினாலும் பிழை சேர்ந்துகொண்டே போகாது.

கடிகாரத்தை முதன்முதலாக முடுக்க ஏற்ற நாள் அமாவாசை அல்லது பௌர்ணமி. அன்று ஓத அட்டவணையில் உங்கள் கரைக்கு உயர் ஓதம் என்று குறித்துள்ள நேரத்தில், பின்புறத் திருகைச் சுற்றி மணிமுள்ளை 12இல் நிறுத்த வேண்டும். சூரியனின் ஈர்ப்பு இடையே குறுக்கிடுவதால், மாதத்தின் சில நாள்களில் உண்மையான உயர் ஓதம் முள் காட்டுவதற்கு அரை மணிக்கும் கூடுதலாக முன்பின் ஆகும். கரையில் நடைபோகவும் கிளிஞ்சல் பொறுக்கவும் இது போதும். படகு எடுப்பவர்கள் அட்டவணையையே பார்க்க வேண்டும்.

சூரியத் தோட்டவிளக்கு

தோட்டத்தில் குத்தி வைக்கும் சிறிய சூரிய விளக்கைத் திறந்தால் தகடு, 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, சுவிட்ச், எல்.இ.டி. ஆகியவற்றோடு இரண்டே இரண்டு சிறு உறுப்புகள்தாம் பெரும்பாலும் இருக்கும். ஒன்று டிரான்சிஸ்டர் போல் தோன்றினாலும் நான்கு கால்கள் உள்ள சிப், ஒய்.எக்ஸ்.8018, கியூ.எக்ஸ்.5252 என்பன போன்ற எண்களை அதன் முகத்தில் காணலாம். மற்றொன்று பச்சை உடலும் வண்ணப் பட்டைகளும் கொண்டு ரெசிஸ்டரைப் போலவே இருக்கும். ஆனால் அது காயில். மீட்டரில் அதன் தடை மிகச் சில ஓம்களாகவே காட்டும் என்பதால் சந்தேகத்தை எளிதில் தீர்த்துக்கொள்ளலாம்.

வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும்; பேட்டரியில் இருப்பதோ 1.2 வோல்ட். சிப் காயிலைக் கிரவுண்டோடு வேகமாக இணைத்தும் விடுவித்தும், ஒவ்வொரு முறையும் அதில் சேரும் ஆற்றலைக் கூடுதல் மின்னழுத்தத்தில் எல்.இ.டி.க்குத் தள்ளுகிறது. காயிலின் ஹென்றி மதிப்பு (அதன் மின்தூண்டல் அளவு) கூடினால் எல்.இ.டி.க்குப் போகும் மின்னோட்டம் குறையும். பேட்டரி அதிக நேரம் தாங்கும். ஆகவே வெளிச்சம் மங்கினாலும் விடிய விடிய எரிந்தால் போதும் என்பவர் காயிலை மட்டும் மாற்றினாலே காரியம் முடிந்துவிடும். சூரியத் தகடே இங்கே இருளை உணரும் கண்ணாகவும் வேலை செய்கிறது: அதில் மின்னழுத்தம் இருக்கும் வரையில் சிப் உறங்கும்.

இந்தச் சர்க்யூட்டின் நேரடிப் பயன், சுவர்க்கடிகாரமும் ரிமோட்டும் கைவிட்ட பென்சில் பேட்டரிகளின் மிச்சத்தைப் பிழிந்தெடுப்பது. தகட்டின் வயரைக் கழற்றிவிட்டு, உள்ளிருக்கும் பேட்டரியின் இடத்தில் 1 வோல்ட்டுக்கு இறங்கிவிட்ட பழைய பேட்டரியைப் போட்டால், விளக்கு மேலும் பல மணி நேரம் எரியும். தகடு இணைந்திருக்கும்போது சாதாரணப் பேட்டரியை ஒருபோதும் போடக் கூடாது; அதற்குள் சார்ஜ் ஏறினால் கசியும்.

இன்னும் ஒரு படி மேலே போய், இதைச் சிறிய மின்வழங்கியாக மாற்றலாம். எல்.இ.டி.யைக் கழற்றி, அதன் நீண்ட கால் இருந்த புள்ளியில் 1என்5819 ஷாட்கி டையோடின் நேர்முனையை இணைத்து, டையோடின் பட்டை உள்ள பக்கத்தை 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் நேர்முனைக்குக் கொண்டுபோக வேண்டும். கெப்பாசிட்டருக்கு இணையாக 5.1 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் எந்தச் சுமையும் இணைக்காமல் இயக்கினால் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சிப்பைக் கெடுத்துவிடும். இவ்வாறு கிடைக்கும் 5 வோல்ட்டில் சில மில்லி ஆம்பியர்களை மட்டுமே எடுக்க முடியும். பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டு எப்போதாவது விழித்து வெப்பநிலையை அளக்கும் ஏ.டி.டைனி போன்ற சிப்புக்கு இது போதும். வைஃபை இயக்கும்போது நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் கேட்கும் ஈ.எஸ்.பி.32 பலகைக்கு இதை நம்ப வேண்டாம். பகலிலும் மின்சாரம் வேண்டுமென்றால், தகட்டைச் சிப்பிலிருந்து பிரித்து, தனி ஷாட்கி டையோடு வழியாகப் பேட்டரிக்கு இணைக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் இத்தகடுகளின் மேற்பூச்சு ஓராண்டிலேயே பால்போல் வெளுத்துப்போகிறது. நுண்ணிய எமரித் தாளால் நீர் தொட்டுத் தேய்த்து, நிறமற்ற நகப்பூச்சை ஒரு கை பூசினால் தகடு மீண்டும் தெளியும். சூரிய ஒளியில் இயங்குவதாகச் சொல்லும் மலிவான கால்குலேட்டர்களை மட்டும் நம்ப வேண்டாம். அவற்றில் பலவற்றின் ‘தகடு’ வெறும் கறுப்புப் பிளாஸ்டிக்.

கார் சார்ஜர்

காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் யு.எஸ்.பி. சார்ஜரில் 34063 என்ற எண் கொண்ட எட்டுக்கால் சிப் இருந்தால், அது நல்ல கொள்முதல். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் முழுமையாகக் கையில் கிடைக்கிறது. இரண்டு ரெசிஸ்டர்களின் விகிதத்தோடு ஒன்றைக் கூட்டி, அதை 1.25ஆல் பெருக்கினால் வருவதே வெளிவரும் மின்னழுத்தம். 3.6 கிலோ ஓமும் 1.2 கிலோ ஓமும் இருந்தால் விகிதம் மூன்று. விடை 5 வோல்ட். 3.6ஐ எடுத்துவிட்டு 2 கிலோ ஓமைப் போட்டால் 3.33 வோல்ட் கிடைக்கும். சென்சார்களுக்கு அது சரியான அளவு. உறையில் 2.1 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும் அந்தச் சிப்பின் உள் சுவிட்சின் உச்ச எல்லையே 1.5 ஆம்பியர் என்பதால், அரை ஆம்பியருக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது.

பெட்டிகளும் வயர்களும்

செய்து முடித்த சர்க்யூட்டுக்குச் சோப்பு டப்பாவைவிட மலிவான உறை கிடையாது. தண்ணீர் வடிய விட்ட துளைகள் காற்றோட்டத்துக்கும் ஸ்பீக்கர் ஒலி வெளியேறவும் உதவும். பிளாஸ்டிக்கின் வகையை மட்டும் அடியில் உள்ள முக்கோணத்துக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். எண் 5 என்றால் பாலிபுரொப்பிலீன். துளையிட்டால் விரிசல் விடாது, ஆனால் ஃபெவிக்விக் உட்பட எந்தச் சாதாரணப் பசையும் அதில் பிடிக்காது என்பதால் எல்லாவற்றையும் ஸ்க்ரூவால்தான் பிணைக்க வேண்டும். எண் 6 என்றால் பாலிஸ்டைரீன். பசை நன்றாகப் பிடிக்கும், ஆனால் டிரில் வேகமாக இறங்கினால் கண்ணாடி போல் தெறிக்கும். சூடாக்கிய ஆணியால் துளையிடுபவர்கள் புகையை முகர்ந்துவிடாமல் சன்னலோரத்தில் செய்ய வேண்டும். எவர்சில்வர் டப்பா அழகாக இருந்தாலும் வைஃபை உள்ள பலகையை அதற்குள் வைத்து மூடினால் சிக்னல் வெளியே வராது. அதே குணம் மைக் ஆம்ப்ளிஃபயர் போன்ற இரைச்சலுக்கு அஞ்சும் சர்க்யூட்டுக்கு வரமாக அமையும், டப்பாவைக் கிரவுண்டோடு இணைத்துவிட்டால்.

மலிவான இயர்போனை ஒலி வயருக்காக வாங்குவது சரியே. அதனுள் இருக்கும் இழைகள் வெறும் செம்பு அல்ல. ஒவ்வொன்றின் மேலும் எனாமல் பூச்சு உண்டு, நிறங்கள் அந்தப் பூச்சினுடையவை. நேரடியாகச் சால்டர் வைத்தால் ஒட்டாது. ஃபிளக்ஸாகிய ரோசினில் தோய்த்து, அயர்ன் நுனியில் உருகிய சால்டர்த் துளிக்குள் இழையின் முனையைச் சில நொடி பிடித்திருந்தால் பூச்சு எரிந்து முனை வெள்ளி நிறமாக மாறும். சிவப்பு பெரும்பாலும் வலக்காது, பச்சை அல்லது நீலம் இடக்காது, செம்பு நிறம் பொதுத்தடம்.

யு.எஸ்.பி. வயர்களில் மிக மலிவானவை பலவற்றில் சிவப்பு, கறுப்பு என்ற இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும். தரவுக்கான பச்சையும் வெள்ளையும் இரா. ஆர்டுயினோவைக் கணினி கண்டுகொள்ளவில்லை என்று புலம்புபவர்கள் முதலில் வயரை மாற்றிப் பார்க்க வேண்டும். மின்சாரம் கொடுக்க மட்டும் அந்த வயரைப் பயன்படுத்தலாம் என்றாலும், கம்பி மெல்லியதாக இருந்தால் ஒரு மீட்டர் நீளத்திலேயே ஒரு ஆம்பியருக்கு அரை வோல்ட் அளவுக்கு இழப்பு ஏற்படும் என்பதால், பலகையின் முனையில் மீட்டரை வைத்து 4.75 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை என்று பார்த்த பிறகே அதைப் பெட்டிக்குள் நிரந்தரமாகச் சால்டர் செய்ய வேண்டும்.